தோழி என்னும் பெயர்

ஒரு சமூகம் எதனை எண்ணி நாணுகின்றது என்பதை அதன் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் கற்பிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழன்றவன் என்ற முறையில் யான் கண்ட உண்மைகளுள் இதுவும் ஒன்று. மகப்பேற்றைத் தள்ளிவைக்கும் முறைகளுக்கு நாம் இட்டு வழங்கிய பெயர்களைப் பாருங்கள். ‘கர்ப்பத்தடை’ என்றோம், ‘கருத்தடை’ என்றோம், ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றும் சொன்னோம். தடையும் கட்டுப்பாடும் காவலாளியின் வாயிற் பிறக்கும் சொற்கள். தடுப்பவர் யார், தடுக்கப்படுபவர் யார் என்று அவை சொல்வதில்லை. ‘குடும்பத் திட்டமிடல்’ என்று இப்பொழுது அரசாங்கப் பத்திரங்கள் எழுதுகின்றன. திட்டமிடுதல் என்னும் வினைக்கு ஒரு வினைமுதல் வேண்டும். அந்த வினைமுதல் யார் என்னும் கேள்வியையே இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றேன்.

இலக்கியப் பகுதியில் மருந்துக்கடைச் சங்கதி எதற்கு என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. 1970-களில் இலங்கைக் கடைகளிற் பரவலாக அறிமுகமான கருத்தடை மாத்திரைக்கு ‘மிதுரி’ என்று பெயரிட்டார்கள். சிங்கள மொழியில் அச்சொல்லுக்குத் தோழி என்பது பொருள். பெயரிட்டவர் அகப்பொருள் இலக்கணம் கற்றவரோ அல்லரோ, யான் அறியேன். ஆயினும், இதனினும் பொருத்தமான ஒரு பெயரைத் தமிழ்ப் பண்டிதர் சபை கூடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்குமோ என்பது ஐயமே. தலைவியின் மறைபொருளை முதலில் அறிபவள் தோழி. அறிந்ததை ஊரில் தூற்றாதவள் அவள். சொல்லவேண்டிய வேளை வந்தபோது செவிலியிடம் சென்று, தலைவிக்கு ஊறு நேராவண்ணம், சொல்லவேண்டிய முறையிற் சொல்பவளும் அவளே. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். ஒரு மருந்துக்கும், அதனைக் கொடுக்கும் கடைக்கும், அக்கடையை ஆளும் சட்டத்துக்கும் இந்த இலக்கணம் பொருந்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

பொருந்துகின்றதா என்பதற்குக் கண்ணாற் கண்ட ஒன்றைச் சொல்கின்றேன். சென்ற ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குருதியழுத்தத்துக்கான மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடைக்குச் சென்றிருந்தேன். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எனக்கு முன்னே நின்ற இளம்பெண் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். கடைக்காரர் தாழ்ந்த குரலில் விடை சொல்லவில்லை. “அந்தக் குளிசையா? டொக்டர்ட துண்டு இரிக்கா, தங்கச்சி? கலியாணம் முடிச்சிட்டீங்களா?” என்று கடை முழுதும் கேட்கும்படி வினவினார். அவள் திரும்பினாள். என்னைக் கண்டாள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் கற்ற மாணவி. இன்று மூன்று பிள்ளைகளின் தாய். “சேர்” என்ற ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, வெறுங்கையுடன் வெளியேறிவிட்டாள்.

கடைக்காரரை மாத்திரம் குறைகூறி இதனை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. அவர் கேட்ட கேள்வி பிழை என்று அவ்விடத்திற் சொல்லக்கூடிய வயதும் மதிப்பும் எனக்கு இருந்தன. யான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை வெளியே அனுப்பியதில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு. அதன்பின் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது யான் கேட்டறிய வேண்டிய செய்தியன்று, கேட்கவுமில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகின்றேன், அவ்வளவே.

இப்பொருள் நம்மவர்க்குப் புதியதன்று. 1877 ஆம் ஆண்டில் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டமைக்காக இலண்டனில் அன்னி பெசன்ட் அம்மையாரும் சார்ள்ஸ் பிராட்லாவும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1930-களில் தமிழகத்தில் பெரியார் ஈ. வெ. ரா. இதனைக் குறித்து வெளிப்படையாக எழுதினார். நாட்டின் வறுமையையோ சனத்தொகையையோ அவர் முதற்காரணமாகக் கொள்ளவில்லை. பெண் தன் விருப்பப்படி வாழ்வதற்கு இது வேண்டும் என்றே வாதிட்டார். அவருடைய பிற கொள்கைகளோடு என்னைப் போன்ற சைவப் பண்டிதர்க்கு உடன்பாடு அரிது. ஆயினும், கேள்வியை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தியவர் அவர் என்பதை ஒப்புக்கொள்ளாதிருப்பது நேர்மையன்று.

நம் நாட்டில் கனடாவிற் பிறந்து ஈழத் தமிழர் ஒருவரை மணந்த மேரி இரத்தினம் என்னும் வைத்தியர், ஊர் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, இத்துறையில் முதலடி வைத்தவர்களுள் ஒருவர். 1953 ஆம் ஆண்டில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1958 இல் சுவீடன் நாட்டுடன் செய்த உடன்படிக்கையின்படி கிராமங்களிற் பரீட்சார்த்த வேலை தொடங்கியது. 1965 இல் அரசாங்கமே இதனைத் தன் பொறுப்பாக ஏற்றது. 1973 இல் ‘பிரீத்தி’ என்னும் பெயரில் ஆணுறை சில்லறைக் கடைகளுக்கும் வந்தது. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பாய்வின்படி, மணமான பெண்களுள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொள்கின்றனர். அஃதாவது, மூன்றில் இரண்டு வீடுகளில் நடக்கும் ஒன்றைப் பற்றி நாம் ஒரு வீட்டிலும் பேசுவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டின் மருந்து விற்பனையை முன்னர் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஆண்டது; இப்பொழுது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் ஆள்கின்றது. மருந்தின் தரத்தையும் விற்பனை உரிமத்தையும் பற்றி அது பேசுகின்றது. நடைமுறையில் மிதுரி போன்ற மாத்திரைகளும், அவசர கருத்தடை மாத்திரையும் வைத்தியரின் சீட்டின்றியே நகரத்து மருந்துக்கடைகளிற் கிடைக்கின்றன. ஊர் ஊராகச் செல்லும் குடும்பநல மாதர் ஆணுறையையும் மாத்திரையையும் இலவசமாகக் கொடுக்கின்றனர். அவர்களின் தொண்டுக்கு நம் நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால், கேட்டு வந்த பெண்ணுக்குக் கொடுக்கவேண்டும் என்ற கடமை எவர்மேல் உள்ளது? அவளிடம் எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது? இவற்றுக்கு விடை பெரும்பாலும் சுற்றுநிருபத்திலும், கடைக்காரரின் குணத்திலும், அன்றைக்குக் கடையில் நிற்கும் கூட்டத்திலுமே தங்கியிருக்கின்றது. சுற்றுநிருபம் ஒரு கையொப்பத்தால் மாறும். குணமோ வேளைக்கு வேளை மாறும்.

அங்ஙனம் மாறுவதன் பயனைப் பிற நாடுகளிற் காணலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரத்தில், 2000 ஆம் ஆண்டில் மேயர் ஒருவர் பிறப்பித்த கட்டளையால், நகரசபை வைத்தியசாலைகளிலிருந்து கருத்தடைச் சாதனங்கள் மறைந்தன. ஏழைப் பெண்களே அதன் சுமையைச் சுமந்தார்கள். நீண்ட போராட்டத்தின் பின், 2012 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2014 இல் உயர்நீதிமன்றம் சில பிரிவுகளை நீக்கி, ஏனையவற்றை நிலைநிறுத்தியது. அமெரிக்காவில், வைத்தியர் சீட்டின்றி நாள்தோறும் உண்ணும் கருத்தடை மாத்திரை ஒன்றுக்கு 2023 யூலையில் அனுமதி கிடைத்தது. ஆயினும், கருத்தடைச் சாதனம் பெறும் உரிமையைச் சட்டமாக்கும் பிரேரணை 2022 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, 2024 இல் செனற் சபையில் முடங்கியது. பிரித்தானியாவில் 2021 முதல் ஒற்றை ஓமோன் மாத்திரை வகையொன்றை மருந்தாளரே கேள்வி கேட்டு ஆராய்ந்து கொடுக்கலாம்.

எல்லாவற்றினும் நாம் ஊன்றி நோக்கவேண்டியது அண்டைத் தமிழகத்தை. இந்தியாவில் அவசர கருத்தடை மாத்திரையை வைத்தியர் சீட்டின்றி விற்கலாம் என்று 2005 ஆம் ஆண்டில் விதி ஏற்பட்டது. விதி ஏட்டில் இருக்கின்றது. தமிழகத்துக் கடைகளிலோ அம்மாத்திரை பல்லாண்டுகளாகக் கிடைப்பதரிது. அதிகாரிகளின் முகக்குறிப்பும் வணிகரின் அச்சமும் சேர்ந்து, எழுதாத தடை ஒன்றை ஆக்கிவிட்டன. எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதாத சட்டத்தை எங்கே கொண்டுபோய் எதிர்ப்பது?

அவசர மாத்திரையைப் பற்றிய மயக்கமே பல எதிர்ப்புகளுக்கு வேர். ஆதலால் அதனைச் சற்றே விரித்துரைக்கின்றேன். அதிலுள்ள மருந்து, சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தடுப்பது அல்லது தாமதப்படுத்துவது. கரு முன்னரே தங்கியிருந்தால் அம்மருந்து அதனைக் கலைக்காது. கருத்தடை வேறு, கருக்கலைப்பு வேறு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303 ஆம் பிரிவிற் குற்றமாக்கியது கருக்கலைப்பையே. அதுவும் தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் இருந்தால் விலக்கு உண்டு. இரண்டு சொற்களும் ‘கரு’ என்று தொடங்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. ஊரில் பலர் ஒன்றெனவே எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தால் நேரும் கேடு யாதெனில், முந்தியதை மறுக்கப்பட்ட பெண் பிந்தியதை நாடி, இருட்டறைகளுக்குச் செல்கின்றாள். அங்கிருந்து மீண்டு வாராதவர்களும் உண்டு.

மேலும், அம்மாத்திரைக்குக் காலம் என்பது உயிர்நாடி. 72 மணித்தியாலத்துள் உட்கொள்ளவேண்டும்; எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். இதனை நம் நிலத்தில் வைத்துப் பாருங்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மருந்துக்கடைகள் பெரும்பாலும் எழுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வழி சுருங்கியது உண்மை. ஆயினும், படுவான்கரையின் உட்கிராமத்துப் பெண்ணொருத்தி வெள்ளிக்கிழமை இரவில் தேவை உணர்ந்தால், சனியும் ஞாயிறும் கிளினிக் இல்லை. திங்கட்கிழமை பேருந்தேறி வந்து, வைத்தியரைக் கண்டு, சீட்டுப் பெற்று, கடைக்குச் செல்வதற்குள் 72 மணித்தியாலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். ‘துண்டு இரிக்கா’ என்ற கேள்வி, அவளைப் பொறுத்தவரை, ‘இல்லை’ என்ற விடையே.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். ஒழுக்கம் கெட்டுவிடும் என்பது முதல் வாதம். ஒழுக்கம் அச்சத்தால் நிற்பதாயின் அது ஒழுக்கமாகாது; காவலாகும். சிறை காக்கும் காப்பினால் ஆவது ஒன்றில்லை என்பது வள்ளுவர் கருத்து. அன்றியும், கடையிலிருந்து திரும்பியவள் மூன்று பிள்ளைகளின் தாய் என்பதை நினைவூட்டுகின்றேன்.

உடலுக்குத் தீங்கு நேரும் என்பது இரண்டாம் வாதம். இது மதிக்கத்தக்கது. இரு ஓமோன்கள் கலந்த மாத்திரை எல்லார்க்கும் ஏற்றதன்று. குருதியழுத்தம் மிக்கவர், குருதி உறைந்த நோய்வரலாறு உடையவர், பார்வை மங்கும் ஒற்றைத் தலைவலி உடையவர், அண்மையிற் பிள்ளை பெற்றுப் பாலூட்டுபவர் ஆகியோர் அதனைத் தவிர்க்கவேண்டும். அவர்களுட் பலர்க்கு ஒற்றை ஓமோன் மாத்திரை ஏற்றது. இக்கேள்விகளைக் கேட்டுத் தெளியப் பயின்ற மருந்தாளர் ஒருவர் போதும். வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொன்னார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைப் பிழையாது கொடுப்பவர். பிள்ளை பெறும் வல்லமை நோயன்று. ஆகவே இங்கே நோயாளியும் இல்லை. தீர்ப்பவர்க்கும் பெரும்பாலும் வேலையில்லை. எஞ்சுவன மருந்தும், அதனைக் கொடுப்பவருமே. சட்டம் திருத்தவேண்டியது அந்த நான்காம் உறுப்பை. ‘குருதியழுத்தம் உண்டா?’ என்று கேட்பது மருந்தாளர் கடமை. ‘கலியாணம் முடிந்ததா?’ என்று கேட்பது ஊர்வம்பு.

மூன்றாம் வாதம் இக்கரையில் பிறந்தது, கண்ணீரோடு கலந்தது. போரில் இழந்தோம், 2004 இன் ஆழிப்பேரலையில் இழந்தோம், சிறுத்துவரும் இனம் பிள்ளைப்பேற்றைக் குறைக்கலாமா என்று கேட்கின்றார்கள். இதனை எள்ளி நகையாட என்னால் இயலாது. இழந்த பிள்ளைகளின் பெயர்கள் என் பழைய வரவுப் பதிவேடுகளில் இருக்கின்றன. அத்துயரோடு ஓர் ஐயமும் சேர்ந்திருக்கின்றது. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், போதிய விளக்கமும் மனமொத்த இசைவுமின்றிப் பெண்களின் கையிற் கருத்தடை உள்வைப்புச் செய்யப்பட்டது என்று முறைப்பாடு எழுந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவகத்துக் கறியிற் கண்ட மாக்கட்டியை மலடாக்கும் மாத்திரை என்று வதந்தி கிளப்பி, முஸ்லிம் மக்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மா என்று அரசாங்கப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. உண்டவரை என்றென்றும் மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவ உலகம் அறியாது. ஒரு கட்டி மாவுக்கு ஒரு நகரம் எரிந்ததென்றால், அறியாமை மருந்தினும் கொடிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்நிகழ்ச்சிகள் கருத்தடையை மறைப்பதற்குக் காரணமாகா, வெளிப்படையாக்குவதற்கே காரணமாகும். வேண்டாமென்ற பெண்ணின் கையிற் செருகுவதும், வேண்டுமென்ற பெண்ணின் கைக்கு எட்டாமற் செய்வதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இரண்டிலும் அவளுடைய உடலுக்கு வேறொருவர் வினைமுதலாகின்றார். இனத்தின் பெருக்கத்துக்காகப் பெறு என்பவரும், இனத்தின் ஒடுக்கத்துக்காகப் பெறாதே என்பவரும் அவளிடம் கேட்காமலே கணக்குப் போடுகின்றார்கள்.

மட்டக்களப்பு நிலத்தார்க்கு இதனை உணர்வது அரிதாகலாகாது. குடியைத் தாய்வழியில் எண்ணும் நாடு இது. வயிற்றுவார் என்று வழியை வயிற்றின் பெயராலேயே சொன்ன மக்கள் நாம். மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு வரச் செய்தவர்கள் நாம். குடியும் வீடும் கோயில் உரிமையும் அவளுடைய வயிற்றின் வழியே இறங்கும். அவ்வயிற்றைப் பற்றிய முடிவு மாத்திரம் அவளுடையதன்று என்பது என்ன நியாயம்? திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை ‘மக்கட்பேறு’ என்றும் வழங்குவர். பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று கொண்டு, அங்கே மக்கள் என்ற சொல் பெண்ணை ஒழித்து நின்றதென உரைத்தார். அவர் உரைநுட்பத்துக்கு யான் தலைவணங்குகின்றேன், இவ்வோரிடத்தில் வணங்குவதில்லை. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் பிள்ளைகளின் அறிவையும் பண்பையும் பேசுகின்றார், தொகையைப் பேசவில்லை. பெற்ற பிள்ளையை அவையத்து முந்தியிருக்கச் செய்யும் கடமை தந்தைக்கு இருக்கும்போது, எத்தனை பிள்ளைகளை அவ்வாறு செய்ய இயலும் என்று எண்ணும் உரிமை தாய்க்கு இல்லையா?

ஆதலால், வேண்டுவது தெளிவான சட்டம். ஆணுறை, அவசர மாத்திரை, ஒற்றை ஓமோன் மாத்திரை ஆகியவற்றை வைத்தியர் சீட்டின்றி உரிமம் பெற்ற மருந்துக்கடையிற் கொடுக்கவேண்டும் என்பதை அது ஐயமின்றிச் சொல்லவேண்டும். உடல்நலக் கேள்விகளைத் தாழ்ந்த குரலில், தனியிடத்திற் கேட்பதை மருந்தாளரின் கடமையாக்கவேண்டும். மணநிலை பற்றிய கேள்வியை விலக்கவேண்டும். இளஞ்சிறுமி ஒருத்தி வந்தால், அவளைத் துரத்தாமல், காவலும் வைத்திய உதவியும் கிடைக்கும் இடத்துக்கு ஆற்றுப்படுத்தவேண்டும். அவளுக்குக் கொடுமை நேர்ந்திருக்கலாம் என்பதை மறத்தலாகாது. கடையில்லாத உட்கிராமங்களில் அவசர மாத்திரையும் குடும்பநல மாதின் பையில் இருக்கவேண்டும். உள்வைப்போ சத்திரசிகிச்சையோ, பெண்ணின் தாய்மொழியில் விளக்கி, அவள் கையொப்பம் பெற்றாலன்றிச் செய்யலாகாது.

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் கேட்பேன். மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கும் தாள் தமிழில் இருக்கவேண்டும். படித்தால் விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். தன் உடலுக்குள் செல்வது என்னவென்று தன் மொழியில் வாசிக்க இயலாதவளுக்கு, மொழியுரிமை பற்றி நாம் மேடைகளிற் பேசும் பேச்சால் என்ன பயன்? அத்தாளை எழுதும் பணிக்கு அழைத்தால், சம்பளமின்றி வரப் பண்டிதர் பலர் உளர், முதற்பெயர் என்னுடையது.

ஆடி அமாவாசையன்று எங்கள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தில் பெருங்கூட்டம் நீராடும். பிள்ளை வேண்டி வருவோரும், பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகச் சுமந்து வருவோரும் ஒரே படியில் இறங்குவார்கள். எவள் எதனை வேண்டிக் கண்மூடுகின்றாள் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கோயிற் குளத்துப் படியில் நாம் கொடுக்கும் அந்த மரியாதையை மருந்துக்கடைப் படியிலும் கொடுக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். என் மாணவி மீண்டும் ஒருநாள் ஏதேனும் ஒரு கடையில் நின்று தாழ்ந்த குரலிற் கேட்பாளாயின், தாழ்ந்த குரலிலேயே அவளுக்கு விடை கிடைக்கட்டும். அருகில் யான் நிற்க நேர்ந்தால், இம்முறை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன்.